மருத்துவப் பதிவேடும் நோயாளியின் வழக்கும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். கேள்வி நேரத்தில் அளித்த சில விளக்கங்கள் உரிய இடங்களில் சேர்க்கப்பட்டுள்ளன.)



மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளின் சட்ட அடித்தளம் என்னும் இந்தப் பொருளை நான் விரும்பியே எடுத்துக்கொண்டேன். மருத்துவர்களும் வருங்கால வழக்கறிஞர்களும் இந்த அவையில் அருகருகே அமர்ந்திருக்கிறீர்கள். இரு தரப்பிலும் ஒரே எண்ணம் வேரூன்றியிருப்பதைக் காண்கிறேன். நோயாளி இறந்துவிட்டால், அல்லது உறுப்பு பறிபோனால், இழப்பீடு கேட்டு வழக்கு நிற்கும் என்பதே அது. மருத்துவர் இதை எண்ணி அஞ்சுகிறார். துயரத்தில் இருக்கும் குடும்பம் இதை நம்பி நீதிமன்றப் படியேறுகிறது. சட்டமோ இருவரிடமும் வேறு கேள்வியைக் கேட்கிறது. சிகிச்சை நடந்த அந்த வேளையில், திறமையுள்ள ஒரு மருத்துவர் செய்திருக்க வேண்டியதை இவர் செய்தாரா?

இதற்கு விடை காணச் சட்ட நூல்கள் நான்கு கூறுகளைச் சொல்லும். மருத்துவருக்கு நோயாளியின்பால் கடமை இருந்தது, அந்தக் கடமை மீறப்பட்டது, நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தது, அந்தத் தீங்கு அந்த மீறலால் விளைந்தது. நான்கையும் நிறுவினால்தான் வழக்கு. எதைக் கொண்டு நிறுவுவது? பெரும்பாலான வழக்குகளில் ஒரே சான்றுதான் உண்டு. அது கேஸ் ஷீட் என்னும் மருத்துவப் பதிவேடு. அதை எழுதுவதும் எதிர்த்தரப்பு, பூட்டி வைத்திருப்பதும் எதிர்த்தரப்பு. ஆகவே, தன் மருத்துவப் பதிவேட்டைக் கேட்டுப் பெறும் உரிமையை வெறும் நடைமுறைச் சங்கதி என்று ஒதுக்காமல், வழக்கின் அடித்தளமாகவே கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இந்தியத் தீர்ப்புகளைக் கொண்டே அதைக் காட்ட முயல்கிறேன்.

1. கடமை எப்போது தொடங்குகிறது

1953 மே மாதம். கொங்கண் கடற்கரையில் விபத்தில் சிக்கிய இருபது வயது இளைஞருக்குத் தொடை எலும்பு முறிந்தது. உள்ளூரில் மரப் பலகை வைத்துக் கட்டி, நெடுந்தூரம் காரில் புனேவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே மயக்க மருந்து கொடுக்காமல், ஆட்களை வைத்துக் காலை இழுத்து எலும்பை நேராக்கினார்கள் என்பது வழக்கு. அன்றே அந்த இளைஞர் இறந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1968-இல் முடிந்தது. கிடைத்த இழப்பீடு 3,000 ரூபாய்தான். ஆனால் அந்தத் தீர்ப்பில் வகுத்துச் சொன்ன மூன்று கடமைகள் இன்றும் ஒவ்வொரு வழக்கிலும் எடுத்தாளப்படுகின்றன. நோயாளியை ஏற்பதா என்று முடிவு செய்வதில் கவனம், எந்தச் சிகிச்சை என்று தீர்மானிப்பதில் கவனம், அந்தச் சிகிச்சையை அளிப்பதில் கவனம். ஒரு மருத்துவர் நோயாளியைப் பார்க்க ஒப்புக்கொண்ட அந்த நொடியிலேயே இந்தக் கடமை பிறந்துவிடுகிறது. பணம் வாங்கினாரா என்பது இங்கே கேள்வியே இல்லை.

பணத்தைப் பற்றிய கேள்வி எழுவது நுகர்வோர் சட்டத்தில். 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது மருத்துவம் அதற்குள் வருமா என்பதில் நாடெங்கும் குழப்பம். நம் சென்னை உயர் நீதிமன்றம் 1994-இல் வராது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே, 1995 நவம்பர் 13 அன்று, இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கட்டணம் வாங்கும் மருத்துவமனைகள் சட்டத்துக்கு உட்பட்டவை. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்த்தால், இலவசமாகப் பார்க்கப்படுபவரும் நுகர்வோரே. எல்லோருக்கும் எல்லாமே இலவசம் என்றால் மட்டும் விலக்கு. பெயருக்கு வாங்கும் பதிவுக் கட்டணம் கணக்கில் வராது.

இந்த விலக்கினால் முற்றிலும் இலவசமான அரசு மருத்துவமனையின் நோயாளிக்கு வழியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. அரசமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றம் இருக்கிறது. 1992-இல் மேற்கு வங்கத்தில் ஓடும் ரயிலிலிருந்து விழுந்து தலையில் காயம்பட்ட ஒரு தொழிலாளியைக் கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பின. உயிர் பிழைக்க அவர் தனியார் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. அவசரச் சிகிச்சையை மறுப்பது 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று சொல்லி, 1996-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் வழங்க ஆணையிட்டது. தொகை சிறிது, கொள்கை பெரிது.

2. எது மீறல்?

இதற்கு நம் நீதிமன்றங்கள் நாடும் அளவுகோல் லண்டனிலிருந்து வந்தது. போலம் என்ற நோயாளிக்கு ஃபிரயர்ன் மருத்துவமனையில் மின் அதிர்ச்சிச் சிகிச்சை தரப்பட்டது. தசையைத் தளர்த்தும் மருந்து தரவில்லை. உடலைப் பிடித்து நிறுத்தவும் இல்லை. இடுப்பெலும்புகள் முறிந்தன. அந்த மருந்தைத் தர வேண்டும் என்ற மருத்துவர்களும் அன்று இருந்தார்கள், அதுவே ஆபத்து என்றவர்களும் இருந்தார்கள். 1957-இல் நீதிபதி மெக்நேர் நடுவர் குழுவுக்குச் சொன்ன விளக்கம்தான் போலம் சோதனை. அத்துறையில் பொறுப்புள்ள ஒரு சாரார் ஏற்கும் முறைப்படி நடந்தவரை, இன்னொரு சாரார் மாறுபடுகிறார்கள் என்பதற்காக மட்டும் குற்றம் சொல்ல முடியாது. போலம் தோற்றார். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இந்தச் சோதனையை ஏற்றுக்கொண்டது.

இந்தச் சோதனை நியாயமானதே என்று நான் கருதுகிறேன். இரண்டு நல்ல வழிகளில் ஒன்றைத் தேர்ந்த மருத்துவரைத் தண்டித்தால், கடினமான நோயாளியைத் தொடவே யாரும் முன்வர மாட்டார்கள். ஆனால் இதற்கு ஓர் எல்லையும் வேண்டும். ஒரே துறையினர் தங்களுக்குள் ஒத்துப்போய்விட்டால் அதோடு முடிந்ததா? இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1997-இல் பொலித்தோ வழக்கில், அந்தத் துறையினரின் கருத்து தர்க்கத்துக்கு நிற்க வேண்டும் என்றது. நம் உச்ச நீதிமன்றமும் 2019-இல் போபால் டெங்கு வழக்கில் அந்தத் திசையில் நகர்ந்தது.

அந்த வழக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். டெங்குக் காய்ச்சலோடு காலையில் ஒரு பெண்மணி மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். அன்றிரவே இறந்துவிடுகிறார். மருத்துவமனை, நெறிமுறைப்படி நீர்ச்சத்து ஏற்றிச் சிகிச்சை தந்ததாக வாதிட்டது. நீதிமன்றம் பதிவேட்டைத் திறந்து பார்த்தது. டெங்குவில் இரத்தத் தட்டணு, இரத்தச் செறிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். காலையில் சேர்த்ததிலிருந்து மாலையில் நிலைமை கைமீறும் வரை அப்படி விடாது கண்காணித்ததற்குப் பதிவேட்டில் சான்று இல்லை. 15 லட்சம் ரூபாய் இழப்பீடு. நிபுணர் குழுக்களின் கருத்தையெல்லாம் விஞ்சி நின்றது அந்தப் பதிவேட்டின் வெற்றிடம்.

3. ஒப்புதல்

நோயாளியின் ஒப்புதல் இன்றிச் சிகிச்சை தருவதும் மீறலே; ஆனால் இது தனி ஆறு. நான் ஒரு துறையில் மட்டும் இறங்கிவிட்டு மேலேறிவிடுகிறேன். டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் லேப்ராஸ்கோப்பி வழியே நோயறியும் சோதனைக்குக் கையெழுத்திட்டார். மயக்கத்தில் இருந்தபோது, வெளியே அமர்ந்திருந்த அவருடைய தாயாரின் சம்மதத்தை வாங்கிக் கருப்பையையும் சூலகங்களையும் அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. அவர் கண் விழிக்கும் வரை காத்திருந்திருக்கலாம். சோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்குச் செல்லாது, சுயநினைவு மீளப்போகும் வயதுவந்தவருக்காக வேறொருவர் ஒப்புதல் தர முடியாது என்று 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அறுவை நன்றாகச் செய்யப்பட்டிருந்தாலும் அது விடையாகாது.

இனி, நம் மருத்துவமனைகளில் ஒப்புதல் படிவம் எப்படி நிரப்பப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். சேர்க்கைக் கவுன்டரில் முன்பணத்தோடு சேர்த்தே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அறுவையின் பெயர் எழுத வேண்டிய கோடு வெறுமையாக இருக்கிறது. அடியில், “எனக்குப் புரியும் மொழியில் எல்லாம் விளக்கப்பட்டது” என்ற வாசகம் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. அதன் கீழே தமிழில் கையெழுத்து, அல்லது பெருவிரல் ரேகை. விளக்கியவர் பெயரும் நேரமும் இல்லை. இத்தகைய படிவம் மருத்துவரைக் காக்கும் என்று நம்பும் மருத்துவ நண்பர்களுக்குச் சொல்கிறேன்: குறுக்கு விசாரணையில் உங்களுக்கு எதிராக முதலில் நீட்டப்படும் தாள் அதுவாகத்தான் இருக்கும்.

4. தீங்கும் அதன் காரணமும்

மீறலை நிறுவிய பிறகும் வழக்குத் தோற்கும் இடம் இது. மருத்துவர் தவறியது உண்மைதான், ஆனால் அவர் தவறாதிருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும் என்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால் இழப்பீடு இல்லை. பொலித்தோ வழக்கில் நடந்தது அதுதான். ஒரு குழந்தையைப் பார்க்க அழைத்தும் மருத்துவர் வரவில்லை, அது தவறு என்பதை எல்லோரும் ஏற்றார்கள். வந்திருந்தாலும் அந்தக் குழந்தையின் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தியிருக்க மாட்டார், அப்படிச் செலுத்தாதிருப்பதும் ஏற்கத்தக்க முறையே என்ற வாதம் வென்றது.

நம் சென்னை வழக்கு ஒன்று இதற்கு நேர்மாறான உதாரணம். 1996 ஆகஸ்டில் எழும்பூர் அரசு தாய் சேய் மருத்துவமனையில் 29 வாரத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். சில வாரம் இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவ்வளவு சிறிய குழந்தைக்கு, பிறந்த மூன்று நான்கு வாரங்களிலேயே விழித்திரையைச் சோதிக்க வேண்டும். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கும் ஆபத்து மருத்துவ உலகம் நன்கு அறிந்தது; உரிய வாரங்களில் கண்டால் தடுக்க வழியுண்டு. அந்தச் சோதனை நடக்கவில்லை. பிறகு வேறோர் ஊரில் வேறொரு மருத்துவர் ஐயுற்றுச் சொன்னபோது காலம் கடந்துவிட்டிருந்தது. குழந்தைக்குப் பார்வை இல்லாமல் போயிற்று.

தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் தந்தது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம், செலவழித்தது, இனிச் செலவாகப்போவது, விலைவாசி ஏற்றம் என எல்லாவற்றையும் கணக்கிட்டு ஏறத்தாழ 1.8 கோடி ரூபாயாக உயர்த்தியது. அதில் தமிழ்நாடு அரசும் பொறுப்பேற்க வேண்டும் என்றது. தன் ஊழியரின் கவனக்குறைவுக்கு மருத்துவமனையும், அரசு மருத்துவமனை என்றால் அரசும், பொறுப்பு என்பது நிலைபெற்ற சட்டம்.

எனக்கு இந்தத் தீர்ப்பில் முக்கியமாகப் படுவது தொகை அன்று. நீதிமன்றம் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்த விதம். இப்படி ஓர் ஆபத்து உண்டு என்று பெற்றோரை எச்சரிக்கும் வரியும் அதில் இல்லை, மருத்துவர்களே அந்த ஆபத்தை மனத்தில் கொண்டிருந்தார்கள் என்பதற்கான அடையாளமும் இல்லை. மீறல், அதற்கும் தீங்குக்கும் உள்ள தொடர்பு இரண்டுமே அந்த ஒரு தாளிலிருந்து எழுந்து நின்றன. “நான்கு வாரத்தில் கண் மருத்துவரிடம் காட்டவும்” என்று தமிழில் ஒரு வரி எழுதியிருந்தால் வழக்கு மட்டுமா தவிர்ந்திருக்கும்? அந்தப் பெண்ணின் கண்ணும் தப்பியிருக்கலாம்.

இறப்பு நேர்ந்த வழக்குகளில் காரணத்தைக் காட்டப் பிரேதப் பரிசோதனை அறிக்கை வேண்டும். பறிகொடுத்த வேளையில் எந்த வீட்டில்தான் உடலைக் கீறச் சம்மதிப்பார்கள்? அந்த மனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்று வேண்டாம் என்று சொன்ன குடும்பம் பின்னால் வழக்குக்கு வரும்போது, மிஞ்சியிருப்பது மறுபடியும் கேஸ் ஷீட் மட்டுமே.

5. மெய்ப்பிக்கும் பொறுப்பு

தொடக்கச் சுமை நோயாளியின் தோளில்தான். அது எப்போது மருத்துவமனையின் பக்கம் மாறுகிறது? 1963-இல் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் கருத்தடை அறுவையின்போது வயிற்றுக்குள் துண்டு ஒன்றை விட்டுவிட்டுத் தைத்தார்கள். அந்தத் தாய் இறந்தார். இதற்கு நிபுணர் சாட்சியம் எதற்கு? நிகழ்ச்சியே பேசுகிறது என்றது 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

துண்டு போல வெளிப்படையாகத் தெரியாத வழக்குகளுக்கும் உச்ச நீதிமன்றம் வழி காட்டியிருக்கிறது. பெரிய மருத்துவமனையில் எந்த மருத்துவர் எப்போது வந்தார், எந்தச் செவிலியர் ஊசி போட்டார் என்பது நோயாளிக்குத் தெரியாது. மருத்துவமனையை மட்டும் எதிர்மனுதாரராகச் சேர்த்தாலே போதும், கவனத்தோடு நடந்தோம் என்று காட்டுவது மருத்துவமனையின் வேலை என்று 2004-இல் சொன்னது. 2009-இல் வேறோர் அமர்வு, நுகர்வோர் மன்றங்கள் நோட்டீஸ் அனுப்புமுன்பே நிபுணர் கருத்தைப் பெற வேண்டும் என்று ஒரு தடுப்புச் சுவரை எழுப்பியது. நல்லவேளையாக, 2010-இல் ஹைதராபாத் வழக்கில் அந்தச் சுவர் இடிந்தது. மலேரியாவுக்கு டைஃபாய்டு என்று மருந்து கொடுத்த வழக்கு அது. சிக்கலான வழக்குக்கு மட்டும் நிபுணரை நாடினால் போதும், எல்லாவற்றுக்கும் அல்ல என்றது நீதிமன்றம். ஒரு மருத்துவருக்கு எதிராக இன்னொரு மருத்துவரைச் சாட்சி சொல்ல அழைத்து வருவது எவ்வளவு கடினம் என்பதை மாவட்ட ஆணையங்களில் வழக்காடும் எந்த வழக்கறிஞரையும் கேளுங்கள்.

6. குற்ற வழக்கைப் பற்றி

சுருக்கமாகவே சொல்கிறேன். இழப்பீட்டுக்கான கவனக்குறைவு வேறு, சிறைக்கான கவனக்குறைவு வேறு. ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு, குற்றம் ஆக வேண்டுமானால் கவனக்குறைவு மிகக் கொடியதாக இருக்க வேண்டும் என்றது. அந்த வழக்கில் மூச்சுத் திணறிய முதியவருக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது. அதற்குக்கூட மருத்துவர்மேல் குற்ற வழக்கு நிற்காது என்று முடிந்தது. விசாரணை அதிகாரி, முடிந்தவரை அரசு மருத்துவர் ஒருவரிடமிருந்து, சார்பற்ற கருத்தைப் பெற வேண்டும். வழக்கமாகக் கைது செய்யக்கூடாது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்போருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்றாலும், சிகிச்சையின்போது அது நேர்ந்தால் பதிவு பெற்ற மருத்துவருக்கு இரண்டாண்டு வரை என்று வரம்பு கட்டியிருக்கிறது.

காவல் நிலையத்துக்கே முதலில் ஓடும் குடும்பங்களுக்கு நான் சொல்வது ஒன்று. புகார் பதிவானதும் அசல் கேஸ் ஷீட்டைக் காவல்துறை கைப்பற்றிக்கொண்டு போய்விடும். நகல் வாங்கி வைக்காத குடும்பம் தன் இழப்பீட்டு வழக்குக்குக் கையில் எதுவும் இல்லாமல் நிற்கும்.

7. பதிவேடு

2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் குழும நடத்தை விதிகள் இரண்டு கட்டளைகளை இடுகின்றன. உள்நோயாளியின் பதிவேட்டைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் சார்பில் உரிமை பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தராதது தொழில் ஒழுக்கக்கேடு; மாநில மருத்துவக் குழுமத்தில் புகார் செய்யலாம். 2023-இல் வெளியான புதிய விதிகள் நிறுத்திவைக்கப்பட்டதால் இவையே இன்றும் நடப்பில் உள்ளன. அரசு மருத்துவமனை என்றால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் துணைக்கு வரும்.

கேட்கும்போது எதைக் கேட்பது? டிஸ்சார்ஜ் சம்மரியோடு திரும்பிவிடுகிறார்கள். அது எல்லாம் முடிந்த பிறகு எழுதிய சுருக்கம். உங்களுக்கு வேண்டியது அந்தந்த வேளையில் எழுதியவை: டியூட்டி டாக்டரின் குறிப்புகள், காய்ச்சல், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் குறித்த சார்ட்டுகள், மருந்து கொடுத்த நேரப் பட்டியல், மயக்க மருத்துவரின் பதிவு, அறுவைக் குறிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகச் செவிலியர் குறிப்புகள். இரவு இரண்டு மணிக்கு இரத்த அழுத்தம் சரிந்தது, டாக்டருக்குப் போனில் சொல்லப்பட்டது என்று ஓர் இளம் செவிலியர் எழுதியிருப்பார். அடுத்த பதிவு காலை ஆறரைக்கு, வேறு கையெழுத்தில் இருக்கும். இடைப்பட்ட நாலரை மணி நேரம்தான் வழக்கு. மருத்துவரைக் காப்பதும் இதே தாள்தான். இரண்டேகாலுக்கு வந்தேன், பார்த்தேன், இன்ன மருந்து மாற்றினேன் என்று நேரம் போட்டு எழுதியவரை, முடிவு எவ்வளவு துயரமாக இருந்தாலும், சட்டம் கைவிடாது.

இந்த விதிகளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டு வரம்பு. அதற்குப் பதிவேட்டின் மூன்று ஆண்டு ஆயுள் ஒருவாறு போதும். ஆனால் உரிமையியல் வழக்கில், சிறுவயதில் பாதிக்கப்பட்டவர் பதினெட்டு நிறைந்த பின்னும் வழக்குத் தொடரக் காலவரம்புச் சட்டம் இடம் தருகிறது. பிறக்கும்போதே மூளையில் பாதிப்படைந்த ஒரு குழந்தை வளர்ந்து வந்து கேட்கும்போது அந்தக் காகிதம் எரிக்கப்பட்டுப் பதினைந்து ஆண்டாகியிருக்கும். உரிமையைக் கொடுத்துவிட்டுச் சான்றை அழிக்க அனுமதிப்பது நீதி ஆகாது. சிறாரின் பதிவேட்டை அவர்கள் இருபத்தொரு வயது எட்டும் வரை காக்க வேண்டும் என்று விதியைத் திருத்த வேண்டும். மருத்துவமனைகள் கணினிக்கு மாறிவரும் இந்நாளில் இடமில்லை என்ற சாக்கும் செல்லாது. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில், கேளாமலே, முழுப் பதிவேட்டின் நகலையும் பில்லோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது என் இரண்டாவது கோரிக்கை.

ஃபைல் காணவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று மாணவி ஒருவர் கேட்டார். முதலில் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். அல்லது ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். 72 மணி நேரத்துக்குப் பிறகு அந்த மௌனமே சான்றாகும். பதிவேட்டைத் தராததையே சேவைக் குறைபாடாகவும், தந்திருந்தால் மருத்துவமனைக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்ற ஊகத்துக்கு ஆதாரமாகவும் ஆணையங்கள் கொண்டிருக்கின்றன. பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, ஆவணங்களை வரவழைக்கும் உரிமையியல் நீதிமன்ற அதிகாரத்தை ஆணையத்துக்குத் தருகிறது. அந்த மனுவைப் புகாரோடு சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். எதிர்த்தரப்பு பதிலுரை எழுதுமுன் பதிவேடு ஆணையத்தின் மேசைக்கு வந்துவிட வேண்டும். பதிலுரை வந்த பிறகு அதற்கேற்ப ஒரு பதிவேடு வருவதற்கு நாமே அவகாசம் கொடுத்துவிடக்கூடாது.